கோர்ட்டுக்குத் தண்ணீர் ஆகாது: ஸ்குவாஷ் கிளப் நடத்த அக்காவின் டிப்ஸ்

சென்னையில் கடந்த சில வருஷத்துல எழும்பின பெரிய அபார்ட்மெண்ட்களின் கிளப் ஹவுஸ்களைப் போய்ப் பாருங்க. நீச்சல் குளம் இருக்கும், ஜிம் இருக்கும், அதைத் தாண்டிப் போனா ஒரு கண்ணாடிக் கதவு. உள்ளே ஸ்குவாஷ் கோர்ட். வீடு விற்கும்போது விளம்பரத்துல பளபளன்னு போட்ட அதே கோர்ட்தான். இப்போ பாதி இடத்துல பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கியிருக்கும், மீதி இடத்துல பசங்க டென்னிஸ் பந்து வச்சு கிரிக்கெட் ஆடிட்டிருப்பாங்க. இப்படிக் கிடக்கிற ஒரு கோர்ட்டை எழுப்பி, ஒரு கிளப்பா நடத்தணும்னு நினைக்கிற தம்பி தங்கச்சிகளுக்காக இதை எழுதுறேன். எங்க குடியிருப்புல கிளப் பொறுப்பைப் பார்க்கிறவ நான். பார்த்துப் பழகினதைத்தான் சொல்றேன்.

முதல்ல அளவு டேப்போட உள்ளே போங்க. சிங்கிள்ஸ் கோர்ட்டுக்கு நீளம் 9.75 மீட்டர், அகலம் 6.40 மீட்டர். மூலைக்கு மூலை குறுக்கே அளந்தா ரெண்டு பக்கமும் 11.66 மீட்டர் வரணும். ரெண்டும் வேற வேற வந்தா சுவர் கோணல்னு அர்த்தம். முன்சுவர்ல மேல் கோட்டின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 4.57 மீட்டர். சர்வீஸ் கோட்டின் கீழ் விளிம்பு 1.78 மீட்டர். அடியில இருக்கிற டின்னின் (பந்து பட்டா அவுட் ஆகிற தகரப் பட்டை) மேல் விளிம்பு 48 சென்டிமீட்டர். பின்சுவர்க் கோடு 2.13 மீட்டர். சுவர் கோணலை இனிமே ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா கட்டடம் முடிக்கிற அவசரத்துல பெயின்டர் கண் அளவுல இழுத்த கோடுகளை ஒரே நாள்ல திருத்திடலாம். டிவியில பார்க்கிற தொழில்முறைப் போட்டிகள்ல டின் 43 சென்டிமீட்டர்தான் இருக்கும். அதைப் பார்த்து நம்ம கிளப்ல குறைக்க வேண்டாம். தப்பான உயரத்துல பழகின குழந்தை போட்டிக்குப் போன இடத்துல தன்னோட நல்ல ஷாட் எல்லாம் டின்ல அடிக்கிறதைப் பார்த்துக் கலங்கிப் போயிடும்.

மரத்தரையும் ஃபினாயில் வாளியும்

ஸ்குவாஷ் கோர்ட்டை அழிக்கிறது ஆட்டம் இல்லை, தண்ணீர். இது ஒண்ணைப் புரிஞ்சுக்கிட்டா பராமரிப்புல முக்கால்வாசி வேலை முடிஞ்சது.

நல்ல கோர்ட்டுல தரை மேப்பிள் அல்லது பீச் மரப் பலகையா இருக்கும். பெரும்பாலும் வார்னிஷ் போடாமத்தான் விடுவாங்க. வார்னிஷ் போட்ட பலகை மேல வியர்வை சொட்டினா கால் வழுக்கும், முழங்கால் போயிடும். வார்னிஷ் இல்லாத மரமோ ஈரத்தை உடனே குடிச்சிடும். குடிச்சா உப்பும், காய்ஞ்சா சுருங்கும். இதே நாலு தடவை நடந்தா பலகை விளிம்பெல்லாம் தூக்கிக்கும்.

காலையில ஹவுஸ்கீப்பிங் ஆள் வருவாங்க. ஜிம்மைத் துடைச்ச அதே வாளி, அதே ஃபினாயில் தண்ணி, அதே மாப். சொட்டச் சொட்ட ஒரு சுத்து. அவங்க மேல தப்பே இல்லை, எந்தத் தரையையும் அப்படித்தான் துடைக்கணும்னு சொல்லி வச்சிருக்காங்க. அதனால அவங்களை உட்கார வச்சு, தரையைக் காட்டி, ஏன்னு சொல்லிக் கொடுங்க. கோர்ட்டுக்குன்னு தனி உலர் மாப் ஒண்ணு வாங்கி, கதவு பக்கத்துலயே ஆணி அடிச்சு மாட்டுங்க. "உள்ளே தண்ணீர் கூடாது"ன்னு தமிழ்லயும் இந்தியிலயும் எழுதி ஒட்டுங்க. இப்போ பல இடத்துல வடக்கேயிருந்து வந்தவங்கதானே வேலை பார்க்கிறாங்க.

தினமும் காலையில முதல் ஆட்டத்துக்கு முன்னாடி உலர் மாப் போட்டு தூசியை ஒரே திசையில தள்ளி எடுக்கணும். வாரத்துக்கு ஒரு தடவை மைக்ரோஃபைபர் துணியை நல்ல தண்ணியில நனைச்சு, இறுக்கிப் பிழிஞ்சு, கையில வச்சா ஈரம் தெரியுமே தவிர ஒரு சொட்டு விழாதுங்கிற பதத்துல துடைக்கலாம். உடனே ஃபேன் போட்டு காய விடுங்க. சோப்பு, மெழுகு, பாலிஷ், வாசனைத் திரவம் எதுவும் வேண்டாம். எது போட்டாலும் மரத்துல ஒரு படலம் நிக்கும், அது வழுக்கும். ஆடும்போது வியர்வை சொட்டினா, யார் சொட்டினாங்களோ அவங்களே அந்த இடத்துல துணி போட்டு ஒத்தி எடுக்கணும். காலால தேய்க்கக் கூடாது. கதவோரம் ரெண்டு காட்டன் துணி எப்பவும் கிடக்கட்டும்.

மாசத்துக்கு ஒரு நாள் நீங்களே தரையில உட்கார்ந்து பாருங்க. விரலை விரிச்சு பலகைக்குக் குறுக்கே மெதுவா ஓட்டுங்க. இணைப்பு தெரியாம கை வழுக்கிக்கிட்டே போனா தரை நல்லா இருக்கு. ஒவ்வொரு இணைப்புலயும் விளிம்பு விரலைத் தட்டினா ஈரம் ஏறியிருக்கு. மேலேயிருந்தா, கீழேயிருந்தான்னு கண்டுபிடிக்கணும். ஏ.சி. டிரெயின் குழாய் எங்கே போகுது, மொட்டை மாடி ஒழுகுதா, பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை இருக்கான்னு பாருங்க. எங்க ஊர்ல கறையானும் உண்டு. சுவரோரமா மண் கோடு தெரிஞ்சா அன்னைக்கே மருந்தடிக்க ஆள் கூப்பிடுங்க.

சுவருக்கும் பலகைக்கும் நடுவுல விரல் அளவு இடைவெளி விட்டிருப்பாங்க. அசிங்கமா இருக்குன்னு சிலர் அதை சிலிகானோ சிமெண்டோ வச்சு அடைச்சுடறாங்க. தயவு செஞ்சு அடைக்காதீங்க. மழைக்காலத்துல மரம் உப்பும்போது நகர்றதுக்கு விட்ட இடம் அது. அடைச்சா நடுவுல பலகை தூக்கிக்கும்.

தரை கறுத்து, மினுமினுப்பு ஏறி, ஷூ பிடிக்காம போனா உப்புத்தாள் மெஷின் போட்டு சீவணும். மரத்தரை வேலை தெரிஞ்ச ஆளை வச்சுத்தான் செய்யணும். கதவு ஜன்னல் பாலிஷ் போடுறவங்களைக் கூப்பிட்டா வேலை முடிஞ்சதும் பழக்கதோஷத்துல ஒரு கோட் வார்னிஷ் அடிச்சுட்டுப் போயிடுவாங்க. பலகையோட கனம் ஒவ்வொரு சீவலுக்கும் குறையும். அதனால தரையைத் தினமும் ஒழுங்கா வச்சுக்கிட்டு சீவல்களுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியை நீட்டிக்கிறதுதான் நல்லது.

மழைக்காலத்துல சுவர் வியர்க்கும்

ஐப்பசி, கார்த்திகைல காலையில கதவைத் திறந்தா சுவர் முழுக்க முத்து முத்தா நிக்கும். பந்து அதுல பட்டா எழும்பாம சறுக்கிக்கிட்டு வரும். குளிர்ந்த சுவர்ல ஈரக் காத்து படுறதுதான் காரணம். நம்ம ஆளுங்க உடனே செய்யிற வேலை, காத்தோட்டமா இருக்கட்டும்னு கதவைத் திறந்து போடுறது. வெளியே இருக்கிற ஈரமும் உள்ளே வந்துடும். மழைக்காலத்துல கதவை மூடியே வைங்க. ஏ.சி. இருந்தா டிரை மோட்ல ஆட்டத்துக்கு முன்னாடியே ஓட விடுங்க. 18ல வச்சுக் குளிரவச்சுட்டு, அணைச்சுட்டு, கதவைத் திறக்கிறதுதான் இருக்கிறதுலயே மோசம். 24, 25ல நிதானமா ஓடட்டும். ஏ.சி. இல்லாத கோர்ட்டுக்கு ஈரம் உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் ஒண்ணு வாங்கலாம். அது சேர்க்கிற தண்ணியை எடுத்துக் கொட்டுற பொறுப்பை ஒரு ஆள் பேர்ல எழுதி வைங்க.

ஈரப்பதம் காட்டுற சின்ன டிஜிட்டல் மீட்டர் அதிக விலை இல்லை. ஒண்ணு வாங்கி கோர்ட்டுக்கு வெளியே இல்லாம, உள்ளே பந்து படாத உயரத்துல மாட்டுங்க. 60 சதவீதத்துக்குள்ளே வச்சிருந்தா மரமும் பிழைக்கும், சுவரும் பிழைக்கும். காலையும் மாலையும் நோட்டுல எழுதுங்க. ஒரு மழைக்காலம் எழுதி முடிச்சா, எந்த நேரத்துல மெஷின் ஓட்டணும்னு உங்களுக்கே தெளிவா தெரிஞ்சுடும். மின்சாரக் கட்டணமும் குறையும்.

சுவர்

பந்து படற சுவருக்கு சாதாரண வீட்டுப் பூச்சு தாங்காது. அதுக்குன்னு இருக்கிற கெட்டியான பூச்சு வேணும். அது எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்க மெஷின் ஒண்ணும் வேண்டாம். விரல் முட்டியை மடக்கி, கடையில தேங்காய் தட்டிப் பார்க்கிற மாதிரி சுவரை ஒரு சாண் இடைவெளி விட்டுத் தட்டிக்கிட்டே போங்க. கணீர்னு கேட்டா பூச்சு சுவரோட ஒட்டியிருக்கு. டொப்புன்னு கேட்டா உள்ளே விட்டுப் போயிருக்கு. அந்த இடத்தைப் பென்சில்ல வட்டம் போட்டு வைங்க, தேதியும் எழுதுங்க. மூணு மாசம் கழிச்சுத் தட்டும்போது வட்டத்துக்கு வெளியேயும் டொப்புன்னு கேட்டா உடனே வேலையைத் தொடங்கணும். முன்சுவரின் கீழ்ப்பகுதியும், ராக்கெட் மோதுற பக்கச்சுவர் மூலைகளும்தான் முதல்ல விடும்.

ஒட்டுப்போட கொத்தனார் வந்தா, கையில இருக்கிற வெள்ளை சிமெண்டையோ பி.ஓ.பி.யையோ அப்பிடுவார். வெள்ளை சிமெண்ட் ஒட்டுல பந்து வேற மாதிரி எகிறும், பி.ஓ.பி. நாலு நாள்ல மாவா உதிரும். கோர்ட் பூச்சுக்குன்னு உள்ள கலவையையே வரவழைச்சு, அதே கனத்துல போடணும். பெயின்டும் அப்படித்தான். பளபளப்பு இல்லாத, கோர்ட் சுவருக்கான வெள்ளை மட்டும். வீட்டுக்கு அடிக்கிற எமல்ஷன் அடிச்சா பந்துல ஒட்டிக்கிட்டு உரிஞ்சு வரும்.

பந்து விட்டுப் போற கறுப்புத் தடத்தைப் போக்க மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டாம். கொஞ்சமா சோப்பு கலந்த தண்ணியில ஸ்பாஞ்சை நனைச்சுப் பிழிஞ்சு, மெதுவா ஒத்தி எடுங்க. சுவரடியில தரைமேல பழைய துணியைப் போட்டுக்கிட்டுத்தான் செய்யணும். நார் போட்டுத் தேய்ச்சா பூச்சே போயிடும்.

டின்னைப் பத்தி ஒரு வார்த்தை. பந்து டின்ல பட்டா கேட்கிற சத்தம்தான் தீர்ப்பு. திருகாணி தளர்ந்த டின் எது பட்டாலும் கடகடங்கும். உள்ளே ஏதாவது அடைஞ்ச டின் பட்டாலும் சத்தம் காட்டாது. ரெண்டுமே சண்டையிலதான் முடியும். மாசத்துக்கு ஒரு தடவை திருகாணியை முடுக்கிடுங்க. கண்ணாடிப் பின்சுவருக்கு வழக்கமா 12 மில்லிமீட்டர் டஃபன்ட் கண்ணாடி போடுவாங்க. விளிம்புல சின்னச் சில்லு போயிருந்தாலும் ஆட்டத்தை நிறுத்திட்டு ஆளைக் கூப்பிடுங்க, அதுல யோசனையே வேண்டாம். விளக்கு ஒண்ணு போனா அதே நிறம், அதே வெளிச்சம் உள்ளதையே போடணும். ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் வெள்ளைன்னு இருந்தா பந்து எங்கே வருதுன்னு கண்ணுக்குத் தெரியாது.

வாசல்லயே நிறுத்த வேண்டியவை

ரோட்டுல நடந்த ஷூவோட யாரும் உள்ளே வரக்கூடாது. அடியில ஒட்டின மணல் பலகையை அராவிடும். கோர்ட் ஷூவைக் கையில எடுத்துட்டு வந்து வாசல்ல மாத்தணும். அடிப்பாகம் தடம் விடுமான்னு சந்தேகம் வந்தா, ஒரு வெள்ளைத் தாளை வச்சு அது மேல ஷூவை அழுத்தித் தேய்ங்க. கோடு விழுந்தா அந்த ஷூ வேண்டாம். பெரியவர், கமிட்டி மெம்பர்னு யாருக்கும் விலக்கு கொடுக்காதீங்க. ஒருத்தருக்கு விட்டா அடுத்தவரைக் கேட்க உங்களுக்கு வாய் வராது.

கண் பாதுகாப்புல நான் ரொம்பக் கண்டிப்பு. ஸ்குவாஷ் பந்தோட விட்டம் 40 மில்லிமீட்டர், கண் குழிக்குள்ளே நேரா உட்கார்ற அளவு. பாலிகார்பனேட் கண்ணாடி போடாம சின்னப் பசங்களையும் டபுள்ஸ் ஆடுறவங்களையும் உள்ளே விடவே கூடாது. பவர் கண்ணாடி இதுக்கு ஈடாகாது, உடைஞ்சா அதுவே ஆபத்து. கிளப் காசுல நாலஞ்சு வாங்கி வாசல்ல மாட்டி வச்சா, மறந்துட்டேன்கிற பேச்சுக்கு இடமில்லை.

பார்ட்டி, ஜும்பா, கொலு சாமான் வைக்கிறதுன்னு கோர்ட்டைக் கேட்டு வருவாங்க. அன்பா மறுத்துடுங்க. ஒரு மேஜையை இழுத்த கீறலைச் சீவி எடுக்க முழுத் தரையையும் சீவ வேண்டிவரும்னு சொன்னா புரிஞ்சுக்குவாங்க.

ஆள் சேர்க்கிறது

தரை எவ்வளவு நல்லா இருந்தாலும் ஆட ஆள் இல்லைன்னா அந்த அறையை அசோசியேஷன் வேற எதுக்காவது கொடுத்துடும். அதனால கிளப்போட உயிர் நேரப் பட்டியல்லதான் இருக்கு. 45 நிமிஷ ஸ்லாட் போதும். காலை ஆறிலிருந்து எட்டு, சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பதுதான் எல்லாருக்கும் வேணும். அந்த நேரத்துல ஒரு வீட்டுக்கு வாரத்துக்கு இத்தனைன்னு வரம்பு வைங்க. பத்து நிமிஷம் தாமதமானா காத்திருக்கிறவங்களுக்குப் போயிடும். இதை வாட்ஸ்அப்ல விவாதிக்காம, எழுதி வாசல்ல ஒட்டிடுங்க. நோட்டு செக்யூரிட்டி மேஜைல இருக்கட்டும்.

புதுசா வர்றவங்க நாலு நாள்ல நின்னு போறதுக்குப் பந்தும் ஒரு காரணம். ரெட்டை மஞ்சள் புள்ளி போட்ட பந்துதான் உசத்தின்னு வாங்கிக் கொடுத்துடறாங்க. அது சூடேறினாத்தான் எழும்பும். ஆரம்பக்காரங்க அடியில அது சூடேறாது, ஏ.சி. அறையில இன்னும் மோசம். ஒத்தை மஞ்சள் புள்ளிப் பந்தைக் கொடுங்க. குழந்தைகளுக்கு நீலப் புள்ளி போட்ட, கொஞ்சம் பெரிய பந்து கிடைக்கும். முதல் நாளே ரெண்டு பேரும் பத்து அடி சேர்ந்தாப்ல அடிச்சாங்கன்னா மறுநாள் தானா வருவாங்க.

அடுத்தது பாக்ஸ் லீக். ஆட்டத் திறமை பார்த்து அஞ்சு அஞ்சு பேரா பிரிங்க. ஒரு மாசத்துல ஒரே பாக்ஸ்ல இருக்கிற எல்லாரும் எல்லாரோடவும் ஆடணும். 11 புள்ளி ஆட்டம், 10-10 வந்தா ரெண்டு புள்ளி முன்னிலை வேணும், அஞ்சுல மூணு கேம் ஜெயிச்சா மேட்ச். முதல் ரெண்டு பேர் மேல் பாக்ஸுக்கு, கடைசி ரெண்டு பேர் கீழே. தோத்தாலும் வந்து ஆடினதுக்கு ஒரு புள்ளி கொடுங்க. அந்த ஒரு புள்ளிக்காகவே ஆள் வருவாங்க. ஒவ்வொரு மாசமும் தன் அளவுக்கு ஏத்த நாலு பேரோட ஆட்டம் கிடைக்கிறவர் கிளப்பை விட்டுப் போக மாட்டார்.

பெண்களுக்கும் பெண் குழந்தைகளுக்கும் வாரத்துல நிலையான நேரம் ஒதுக்குங்க. அதுவும் நல்ல நேரமா ஒதுக்குங்க, மத்தியானம் ரெண்டு மணியைத் தள்ளி விடாதீங்க. ஜோஷ்னா சின்னப்பாவும் தீபிகா பல்லிக்கலும் இந்தச் சென்னையில ஆடி வளர்ந்தவங்கதான். 2014ல கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கின டபுள்ஸ் தங்கம்தான் காமன்வெல்த்ல ஸ்குவாஷுக்கு இந்தியா வாங்கின முதல் தங்கம். நம்ம பொண்ணுங்ககிட்ட இதைச் சொல்லிக்கிட்டே இருக்கணும். பயிற்சி நடக்கும்போது பெற்றோர் ஒருத்தராவது கண்ணாடிக்கு வெளியே இருக்கணும்னு விதி வைங்க. கோச்சுக்கும் அது பாதுகாப்பு.

கோச்சோ, மெம்பர்களோட ஆடிக் கொடுக்கிற மார்க்கரோ வச்சிருந்தா சம்பளத்தை ஒண்ணாந்தேதி கொடுத்துடுங்க, தீபாவளிக்குப் போனஸும் கொடுங்க. ஆள் வராத நாள்ல கூட ஆட நிக்கிறதும், ராக்கெட் நரம்பு அறுந்தா கட்டிக் கொடுக்கிறதும், தரை உப்பினதை முதல்ல கவனிக்கிறதும் அவர்தான். கமிட்டிக் கூட்டத்துல அவருக்கும் ஒரு நாற்காலி போடுங்க.

நாற்பது தாண்டி, பல வருஷம் கழிச்சு ராக்கெட் எடுக்கிற அண்ணன்களுக்கு: முதல்ல டாக்டரைப் பார்த்துட்டு வாங்க. ஸ்குவாஷ்ல இதயத் துடிப்பு சட்டுன்னு ஏறும். பத்து நிமிஷம் உடம்பைச் சூடு பண்ணாம உள்ளே போகாதீங்க.

காசு விஷயம்

சந்தா, கெஸ்ட் கட்டணம் எல்லாம் அசோசியேஷன் கணக்குக்கே போகட்டும். யாருடைய சொந்த ஜிபே நம்பருக்கும் வாங்காதீங்க. வசூல் பண்றவர் ஒருத்தர், செலவுக்குக் கையெழுத்துப் போடுறவர் இன்னொருத்தர். வர்ற சந்தாவுல ஒரு பங்கை மாசாமாசம் மராமத்து நிதின்னு தனியா ஒதுக்குங்க. தரை சீவுறதும் சுவர் பூசுறதும் திடீர்னு வர்ற செலவு இல்லை, என்னைக்காவது வந்தே தீரும். கோர்ட் விளக்குக்கும் ஏ.சி.க்கும் தனி மீட்டர் வச்சுட்டா, உங்களால எவ்வளவு கரண்ட் ஆகுதுன்னு யாரும் குத்துமதிப்பா பேச முடியாது.

பொதுக்குழுவுல ஒருத்தர் எழுந்து, இதை யார் பயன்படுத்துறாங்கன்னு கேட்பார். நியாயமான கேள்விதான், எல்லாருடைய மெயின்டனன்ஸ் பணமும் அதுல இருக்கு. பதிலா உங்க ஸ்லாட் நோட்டைக் காட்டுங்க. மாசத்துக்கு எத்தனை மணி நேரம் ஆட்டம், எத்தனை வீட்டுலேர்ந்து, அதுல எத்தனை குழந்தைகள்னு ஒரே தாள்ல எழுதிட்டுப் போங்க. கூடவே ஒரு வரி சேர்த்துக்கலாம். 2025 டிசம்பர்ல நம்ம எக்ஸ்பிரஸ் அவென்யூ மால்ல கண்ணாடி கோர்ட் போட்டு நடந்த உலகக் கோப்பையில, இறுதி ஆட்டத்துல ஹாங்காங்கைத் தோற்கடிச்சு இந்தியா முதல் தடவையா ஜெயிச்சது. ஷாப்பிங் போனவங்க நின்னு பார்த்த ஆட்டம் அது. அதைப் பார்த்துட்டு வந்த குழந்தைக்கு ஆட இடம் நம்ம வளாகத்துலயே பூட்டிக் கிடக்குன்னு சொன்னா கூட்டம் கேட்கும்.

2028ல லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ல ஸ்குவாஷ் முதல் தடவையா நுழையுது. அப்போ எல்லா வீட்டுலேர்ந்தும் பசங்க ராக்கெட் கேட்பாங்க. அதுக்குள்ளே தரையும் சுவரும் தயாரா இருக்கணும், பழகின ஆட்கள் பத்துப் பேராவது இருக்கணும். அடுத்த பொதுக்குழு வரட்டும்னு காத்திருக்காதீங்க. இந்த வாரமே அசோசியேஷன் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, கோர்ட் சாவியை உங்க பேர்ல கையெழுத்துப் போட்டு வாங்கிக்கோங்க. முதல்ல அந்த நாற்காலிகளை வெளியே எடுக்கச் சொல்லுங்க, இழுக்காம தூக்கி எடுக்கச் சொல்லுங்க.